கயிற்றின் நடுப்பகுதி

அந்தக் கயிறு ஆலையில் எல்லோரும் கயிறு முறுக்கச் சம்பளம் வாங்கினார்கள். கயிறு அறுக்கச் சம்பளம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதனால் 'அறுவை அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. புதிதாகச் சேர்பவர்கள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள் போலிருக்கிறது என்று பயந்து சாப்பாட்டு நேரத்தில் தள்ளி உட்காருவார்கள். ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும். நாளெல்லாம் சேர்த்தால் நாலு வார்த்தை பேசாதவள் அவள். "பேசினாத்தானே அறுக்க முடியும்? இவங்களைப் போய் அறுவைங்கறீங்களே" என்று கேட்டால், "இவங்க பேசாமலே அறுக்கிற ஆளு" என்பார்கள் பழையவர்கள்.

சோதனை அறை ஆலையின் கடைக்கோடியில் இருந்தது. நீளமான இரும்பு மேடை, அதன் இரண்டு முனையிலும் தடித்த உருளைகள், முன்னால் கம்பிவலைக் கதவு, சுவரில் வட்டமான முகப்பும் சிவப்பு முள்ளும். வெளியே போகும் ஒவ்வொரு சுருளும் முதலில் அவளிடம் வர வேண்டும். அதில் ஒரு துண்டை வெட்டி உருளைகளில் சுற்றிக் கதவைச் சாத்தி எண்ணெய் வால்வைத் திறப்பாள். உருளைகள் ஒன்றை விட்டு ஒன்று மெல்ல விலகும். கயிறு முதலில் இறுகும், பிறகு மெலியும், பிறகு முனகும். உள்ளே இழைகள் ஒவ்வொன்றாகத் தெறிப்பது, காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது போலக் கேட்கும். அதற்கப்புறம் ஒரே அடி. அறை முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் வாசம். முள் நின்ற எண்ணைப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவாள். எண் சரியாக இருந்தால் சுருளின் கழுத்தில் ஓர் ஈய முத்திரையை நசுக்கிவிடுவாள். அந்த முத்திரையை நம்பிப் படகைக் கட்டுவார்கள், பாரம் தூக்குவார்கள், மாடிச் சுவர்களில் ஆள் தொங்குவார்கள்.

இதெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. அந்த அறையைப் பெருக்கத்தான் வேலைக்கு வந்தாள். முன்பிருந்தவர் ஓய்வு பெற்றபோது, ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை, யாரும் தேடவும் இல்லை. கழிவுக் கயிறுகளைப் பொறுக்கி வந்து அவளே அறுத்து அறுத்துப் பழகிக்கொண்டாள். நனைந்தது எப்படி அறும், வெயிலில் கிடந்தது எப்படி அறும், முடிச்சுப் போட்டால் எங்கே விடும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். ஒரு தடவை வந்த எண்ணை அவள் நம்பமாட்டாள். திரும்ப வர வேண்டும். வேறு நாளிலும் வர வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அவளை ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்த கயிற்றைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அது இனிமேல் குப்பை. விலைக்குப் போகும் கயிற்றைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளப் போனால் அதுவும் குப்பையாகிவிடும். ஆகவே ஒரு துண்டை அறுத்துவிட்டு, கூடப் பிறந்த மற்றதும் இதைப் போலத்தான் இருக்கும் என்று நம்பி முத்திரை போட வேண்டியிருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று யோசிப்பாள். இதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. அந்தப் பதில் போதுமா என்று கேட்டுக்கொள்வதற்குள் அடுத்த சுருள் வந்துவிடும்.

துண்டை எப்போதும் சுருளின் வாலில்தான் வெட்டுவார்கள். நடுவில் வெட்டினால் ஒரு முழுக்கயிறு இரண்டு அரைக்கயிறாகிவிடும், யார் வாங்குவார்கள்? அவளுக்கு முன்னால் இருந்தவரும் வாலில்தான் வெட்டினார். இதில் கேட்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

வீட்டில் அவளும் தம்பியும் தம்பி மனைவியும். தம்பி, உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவன். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவனைப் போல ஒரு அசட்டையான பிறவியைப் பார்க்க முடியாது. இரவல் வாங்கிய குடை திரும்பிப் போனதில்லை. சாவியைத் தேடாத காலை கிடையாது. அக்கா அவனைக் 'காற்றாடி' என்றுதான் கூப்பிடுவாள்.

"டேய் காத்தாடி, குழாயை மூடிட்டு வந்தியா?"

"மூடிட்டேன்க்கா."

"அப்ப இது என்ன சத்தம்?"

"மழையா இருக்கும்."

"வெளியில வெயில் கொளுத்துதேடா."

"அப்ப பக்கத்து வீட்டு மழையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொள்வான். தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்க் குழாயை மூடிவிட்டு வருவாள். அவன் சொல்லும் 'மூடினேன்', 'வெச்சேன்', 'கட்டினேன்' எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி.

ஆனால் கயிறு விஷயத்தில் அவனுக்குப் பெருமை உண்டு. அக்காவின் முத்திரை இல்லாத கயிற்றில் ஏற மாட்டான். "எங்கக்கா அறுத்துப் பாத்த கயிறுய்யா" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்வானாம்.

அப்படிப்பட்ட கயிறுதான் ஒருநாள் மூன்றாம் மாடி உயரத்தில் அறுந்தது.

உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மருத்துவமனையில் அவன் கண் விழித்தபோது அக்கா பக்கத்தில் இருந்தாள். வலி தெரிவதற்கு முன்னால் அவன் சொன்னது, "சாக்கு வெச்சிருந்தேன்க்கா" என்பதுதான்.

மாடிச் சுவரின் விளிம்பில் கயிறு மடங்கி இறங்கும் இடத்தில் சாக்கை மடித்து அடியில் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் சிமெண்ட் விளிம்பு ரம்பம் மாதிரி கயிற்றை அறுத்துவிடும். அந்தத் தொழிலில் முதல் பாடம் அது.

"சரிடா. பேசாதே."

"வெச்சிருந்தேன். கயிறுதான் விட்டுடுச்சு."

"கயிறு விடாதுடா" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நான் இழுத்துப் பாத்தது. முத்திரையைப் பாத்துட்டுத்தான் வரேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்யின்னு சொல்லல. தினமும் வைக்கிறதை அன்னைக்கு மறந்திருப்பே. வெச்ச மாதிரியே ஞாபகம் இருக்கும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மனைவியைக் கூப்பிடுவான். அக்கா எடுத்து நீட்டினால் டம்ளர் அப்படியே நிற்கும்.

விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அறுந்த முனைகள் இரண்டும் பஞ்சாகப் பிரிந்து கிடந்ததால், உரசி அறுந்ததா, இழுத்து அறுந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆளைத் தூக்கிப் போன கையோடு, மேலே இருந்ததையெல்லாம் யாரோ அவிழ்த்துக் கீழே போட்டிருந்தார்கள்; முற்றத்தில் சாக்குகள் கிடந்தன. ஆனால் அங்கே எல்லோருடைய சாக்கும்தான் கிடந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள் என்று பேச்சு.

"காலு போனதுகூட அவருக்குப் பெருசில்ல அண்ணி" என்றாள் தம்பி மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே. "சாக்கு வைக்காதவன்னு எழுதிடுவாங்களேன்னுதான் மனுஷன் உருகறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது?"

"நம்பறேன்னு."

அக்கா கழுவிய பாத்திரங்களை அடுக்கினாள். ஒரு பக்கம், அவள் அறுத்த ஆயிரக்கணக்கான துண்டுகள். ஒன்றுகூடக் குறைந்த எண்ணில் விட்டதில்லை. இன்னொரு பக்கம், மூடினேன் என்று சொல்லித் திறந்து கிடந்த குழாய்கள். எந்தப் பக்கம் சாயும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நெஞ்சு வலித்தது உண்மை. வலிக்கிறது என்பதற்காகப் பலகையில் எண்ணை மாற்றி எழுதிப் பழக்கம் இல்லை.

ஒரு மாலை, அவனோடு வேலை பார்த்த பெயிண்டர் அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பயந்தாங்கொள்ளி தூங்கறானா?"

"யாரு?"

"உங்க தம்பிதாங்க. எங்க கூட்டத்துல அவன் பேரு அதுதான்."

தம்பி மனைவிக்குத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அவரா? வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு ஊர் சுத்தற ஆளுங்க அவரு."

"வீட்ல எப்படியோ. மேல ஏறிட்டா அவன் பெரிய இம்சைங்க. சாக்கை நாலா மடிப்பான். காத்துக்கு நகரக் கூடாதுன்னு கம்பி போட்டுக் கட்டுவான். ரெண்டு தடவை இழுத்துப் பாப்பான். அதோட விட்டானா? என் சாக்கையும் வந்து இழுத்துப் பாப்பான். 'யோவ், நான் என்ன உன் பொண்டாட்டியா, என்னையே சுத்திச் சுத்தி வரியே'ன்னு கேட்டா, 'உன் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாதுய்யா'ம்பான். அவனால எங்களுக்கு வேலை ஆரம்பிக்கவே நேரமாயிடும். மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கியிருக்கோம்."

அக்கா நிமிர்ந்தாள். "அன்னைக்கு சாக்கு வெச்சதை நீங்க பாத்தீங்களா?"

பெயிண்டரின் முகம் மாறியது. "அன்னைக்கு நான் மறுபக்கச் சுவத்துல இருந்தேங்க. பாக்கல. பாத்தேன்னு சொன்னா அவனுக்கு நல்லது, தெரியும். ஆனா பாக்கல."

"சாக்கு வைக்காம ஒருநாளாவது ஏறியிருக்கானா?"

"நான் பாத்து இல்ல. மழை தூறுனா சாக்கு வழுக்கும்னு அன்னைக்கு ஏறவே மாட்டான்."

அவர் போன பிறகு அக்கா அந்தப் பையைத் திறந்து பார்த்தாள். தூரிகைகள் ஒவ்வொன்றும் கழுவித் துணியில் சுற்றப்பட்டிருந்தன. இடுப்புவாரின் கொக்கிக்கு எண்ணெய் போட்டிருந்தது. இந்த மனிதனை அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியை, ஒருநாள்கூட உயரத்தில் பார்த்ததில்லை. பகலெல்லாம் மேலே கவனத்தைச் செலவழித்துவிட்டு, மிச்சம் மீதியோடு இறங்கி வருகிறவனைத்தான் பார்த்திருக்கிறாள். அவள் கைக்கு எட்டியது அந்த மிச்சம்தான். அதை வைத்து முழு ஆளுக்கும் முத்திரை போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை சோதனை அறையில் முதல் சுருளின் வாலைப் பிடித்துக் கத்தியை வைத்தாள். கத்தி இறங்கவில்லை. வாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு முறுக்குக் கூடத்துக்கு நடந்தாள்.

முறுக்கு மெஷினை ஓட்டுகிறவர் அவளைவிட மூத்தவர். அவள் அங்கே வந்து பார்த்ததே இல்லை என்பதால் அவருக்கு ஆச்சரியம்.

"என்ன அறுவைக்கா, வழி தவறி வந்துட்டியா?"

"அண்ணே, பாபின்ல நூல் தீந்துபோனா புது பாபினோட ஒட்டுப் போடுவீங்கல்ல?"

"ஆமா."

"அந்த ஒட்டு வால்ல வருமா?"

"வால்லயா? சேச்சே! வால்ல வந்தா அந்த இடத்தையே வெட்டி எறிஞ்சிடுவேன். வாங்கறவன் முதல்ல கையில பிடிச்சுப் பாக்கறது வாலைத்தானே? அங்க முண்டும் முடிச்சுமா இருந்தா என் மானம் போயிடாது?"

"எவ்வளவு காலமா?"

"நான் வந்த நாள்லேர்ந்து. எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். ஏன், உன்கிட்டயும் வால்தானே வருது? அழகா அலங்காரம் பண்ணித்தானே அனுப்பறேன்?"

இத்தனை வருடத்தில் ஓர் ஒட்டுக்கூட அவள் உருளைகளில் ஏறியதில்லை. ஏறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது ஒரு நல்ல மனிதனின் மானம்.

"ஒட்டு எல்லாம் ஒரே இடத்துல விழுமா அண்ணே?"

"முன்ன அப்படி இல்ல. கையால சுத்தின பாபின், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. ஒட்டு அங்கொண்ணு இங்கொண்ணா விழும். இப்பத்தான் அளந்து சுத்தற மெஷின் வந்திருக்கே. எல்லாம் ஒரே நீளம். ஒரு புரியில இருக்கிற நூலெல்லாம் சேந்தாப்பல தீருது. நானும் ஒரே இடத்துல நின்னு எல்லாத்தையும் முடிஞ்சுடறேன். எனக்கும் அலைச்சல் மிச்சம்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. "ஏம்மா, தப்பு பண்ணிட்டேனா?"

"தெரியலண்ணே" என்றாள். "பாத்தாத்தான் தெரியும்."

மேலாளர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேற யாராவது வந்து சொல்லியிருந்தா உடனே சரின்னு சொல்லியிருப்பேன். அறுந்தது உங்க தம்பி கயிறு. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"தம்பிக்காகத்தான்னு பேசுவாங்க."

"அதுதான் சொல்றேன். இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் சுருள் போயிருக்கு. எல்லாத்துக்கும் நீங்கதானே முத்திரை போட்டீங்க?"

"ஆயிரம் சுருளை நான் பாக்கல சார். ஆயிரம் வாலைப் பாத்திருக்கேன். ஒரே இடத்தை ஆயிரம் தடவை பாத்தா, ஆயிரம் இடத்தைப் பாத்ததா ஆயிடுமா?"

அவர் விரலால் மேசையைத் தட்டினார். "சரி, நீங்க பாக்கல. வெளியில போன கயிறெல்லாம் அறாம நிக்குதே? அதுவும் சாட்சிதானே?"

இது நியாயமான கேள்வி என்று அவளுக்குப் பட்டது. யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சாட்சிதான் சார். ஆனா அதுல பெரும்பாலும் கையால சுத்தின பாபின் காலத்துக் கயிறு. அளந்து சுத்தற மெஷின் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. தம்பியோட கயிறு அதுக்கப்புறம் முறுக்கினது. பழைய கயிறு நிக்கறதைப் பாத்துட்டுப் புதுக் கயிறுக்கு முத்திரை போட்டுட்டிருக்கேன்."

மேலாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எத்தனை சுருள் வேணும்?"

"நடுவுல வெட்டினா சுருளே வீணாயிடும் சார்."

"தெரியுது. எத்தனை வேணும்?"

ஒட்டு விழுந்த நடுத்துண்டுகளை முதலில் வழக்கம்போல உருளைகளில் ஏற்றி இழுத்தாள். எல்லாமே அவளுடைய எண்ணுக்குக் கீழே விட்டன. முதல் முதலாகப் பலகையில் அப்படியொரு எண்ணை எழுதியபோது சாக்கட்டி ஒடிந்தது. பிறகு அறைக்குள் சிமெண்ட் விளிம்பு ஒன்றைக் கட்டி எழுப்பச் சொன்னாள். பெயிண்டர் சொன்னபடியே சாக்கை நாலாக மடித்துக் கம்பியால் கட்டினாள். அதன்மேல் கயிற்றைப் போட்டு, ஓர் ஆளின் எடையைத் தொங்கவிட்டு, வேலை செய்கிறவன் ஏறி இறங்குவது போல அசைக்க வைத்தாள். நல்ல துண்டுகள் ஒன்றுகூட அறவில்லை. பத்து ஒட்டுத் துண்டுகளில் மூன்று அறுந்தன.

முறுக்குக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அறுந்ததும் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கே மேலாளர் புதிய சுருள்களை நிறுத்தி, விற்றுப்போனவற்றைத் திரும்ப வரவழைக்க ஆள் அனுப்பினார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கையில் கிடைத்தது தம்பிக்குப் போதும். ஆனால் அவளால் நிறுத்த முடியவில்லை. சாக்கை எடுத்துவிட்டு, வெறும் விளிம்பில் பத்துத் துண்டுகள் போட்டாள். ஒட்டு உள்ளது, இல்லாதது என்ற பேதமே இல்லாமல் பத்தும் அறுந்தன.

அன்று மாலை தம்பியின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. சுவரைப் பார்த்தபடியே பேசினான்; ஆனால் அவளிடம் பேசினான்.

"கயிறு அறுந்துச்சாமே."

"சிலது அறுந்துச்சு."

"அதனால இப்ப நம்பறியா?"

அவள் அவன் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"நேரா சொல்லுக்கா. நான் சொன்னதால நம்பறியா, கயிறு அறுந்ததால நம்பறியா?"

கதவருகே நின்ற தம்பி மனைவி, 'நீ சொன்னதாலன்னு சொல்லுங்களேன்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்வது எளிதுதான்.

"நீ சொன்னப்போ நம்பல" என்றாள் அக்கா. "கயிறு அறுந்ததும் உனக்குப் பெருசா உதவலடா. சாக்கோட போட்டதுல மூணுதான் அறுந்துச்சு. சாக்கு இல்லாம போட்டது பத்தும் அறுந்துச்சு. கயிறை மட்டும் கேட்டா அது உன் பக்கம் பேசல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "சாக்கு இல்லாமலும் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எதுக்கு?"

"பாக்காம இருக்க முடியல."

"இதை விசாரணையில சொல்லப் போறியா?"

"சொல்லித்தான் ஆகணும்."

வறண்ட சிரிப்பு ஒன்று வந்தது அவனிடமிருந்து. "நீ எனக்கு அக்காவா, இல்ல அந்தக் கம்பெனிக்கு வக்கீலா?"

"உன் கூட்டாளி வந்திருந்தார்" என்றாள் அவள். "மேல உனக்கு வேற பேராம். பயந்தாங்கொள்ளியாம்."

அவனுக்குக் காது சிவந்தது.

"நான் உன்னைக் கீழே மட்டும்தான் பாத்திருக்கேன்டா" என்றாள். ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விசாரணை ஒரு பழைய அலுவலகத்தின் மாடியில் நடந்தது. விசாரித்தவர் பொறியாளர், பொறுமையான மனிதர். பெயிண்டரைக் கேட்டார், முறுக்குக்காரரைக் கேட்டார். முறுக்குக்காரர் எதையும் மறைக்கவில்லை. அழகுக்காக வெட்டினேன் என்பதை மட்டும் அக்காவைப் பார்த்துச் சொன்னார். கடைசியாக அக்கா. தம்பி ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தான். அவள் எல்லா எண்களையும் சொன்னாள். சாக்கு இல்லாத பத்தையும் சொன்னாள்.

பொறியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ரெண்டு விஷயம்மா. ஒண்ணு, நீங்க அறுத்தது வேற கயிறு. விழுந்த அன்னைக்கு அறுந்த இடத்துல ஒட்டு இருந்துச்சான்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. ரெண்டாவது, சாக்கு இல்லைன்னா நிச்சயமா அறுது. சாக்கு இருந்தா எப்பவாவதுதான் அறுது. அப்ப எது நடந்திருக்கும்னு நினைக்கத் தோணும்?"

"அவன் சாக்கு இல்லாம ஏறுற ஆளா இருந்தா, நீங்க சொல்றதுதான் சார்" என்றாள். "ஏறவே மாட்டான்னா, அந்தப் பத்தும் கணக்குலயே வராது. அது கயிறைக் கேட்டுத் தெரியாது. அவனோட ஏறினவங்களைத்தான் கேக்கணும்."

அவர் ஒத்துக்கொள்வது போலத் தலையசைத்தார். "பொதுவா எப்படின்னு அவங்க சொல்லிட்டாங்க. என் கேள்வி அந்த ஒரு நாளைப் பத்தி. அன்னைக்கு அவர் சாக்கு வெச்சிருந்தாரா?"

"வெச்சிருந்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்வரிசையில் ஊன்றுகோல் ஒன்று தரையில் உரசியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் சொன்னான்."

பொறியாளர் வேறேதும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. குனிந்து எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து, எழுதியதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்: காரணத்தை உறுதியாகத் தீர்மானிக்க இயலவில்லை, கயிற்றில் குறை இருந்திருக்க வாய்ப்பு உண்டு, தொழிலாளி கவனமாக வேலை செய்யும் வழக்கமுள்ளவர் என்று உடன் பணியாற்றியவர் கூறுகிறார், அன்றும் சாக்கு வைத்ததாகத் தொழிலாளி கூறியிருக்கிறார், அவருடைய சகோதரி அதை ஏற்கிறார்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான். "தீர்மானிக்க இயலவில்லைன்னா?"

"தெரியலன்னு அர்த்தம்."

"கவனக்குறைவுன்னு எழுதல."

"எழுதல."

தம்பி மனைவி வண்டி பிடிக்க முன்னாலேயே இறங்கிப் போயிருந்தாள். யாரோ அப்போதுதான் படிகளைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு படி இறங்குவது அவனுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. அக்கா கையை நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். முதல் படியில் ஊன்றுகோலின் நுனியை வைத்து அழுத்தினான். எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினான். அதன் பிறகுதான் உடம்பின் பாரத்தை அதில் இறக்கினான். அடுத்த படியிலும் அப்படியே. பின்னால் வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு ஒதுங்கி இறங்கினார்கள். அவன் அவர்களைக் கவனிக்கவில்லை. அக்கா மேல்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் படிகள் இறங்கியதும் அவன் நின்றான்.

"அக்கா, இந்தப் படியில சுவரோரமா வழுக்குது. கைப்பிடிப் பக்கமா வா."

அவள் குனிந்து பார்க்கவில்லை. அவன் சொன்ன பக்கமாகவே காலை வைத்து இறங்கினாள்.